ஒன்று-இரண்டு-மூன்று என்றால் வால்ட்ஸ் ஆகிவிடுமா?

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து ஆடுவது நம்ம காரைக்குடிப் பக்கத்துக்கும் வந்து சில வருடங்கள் ஆகிறது. அதற்கு ஆட்டம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். "இந்தப் பாட்டுக்கு இந்த ஆட்டம்" என்று இணையத்தில் பட்டியல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: பாட்டை எண்ணு. மூன்று மூன்றாக வந்தால் வால்ட்ஸ். நான்கு நான்காக வந்தால் வேகத்தைப் பார். மெதுவாகப் போனால் ரும்பா, கொஞ்சம் விரட்டினால் ச்சா-ச்சா-ச்சா, ஓடினால் ஜைவ்.

இந்த முறையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. எங்கே உடைகிறது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் எண்களையே எடுத்துக்கொள்வோம். பால்ரூம் போட்டிகளில் பல வருடங்களாகப் புழங்கும் வேக அளவுகள் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை ஆவர்த்தம் என்பதுதான் கணக்கு. மெதுவான வால்ட்ஸ் 28 முதல் 30. வியன்னா வால்ட்ஸ் 58 முதல் 60. இரண்டுமே மூன்று தட்டு. ஆக ஒன்றில் நிமிடத்துக்கு 84லிருந்து 90 தட்டு, மற்றதில் 174லிருந்து 180 தட்டு. இவற்றைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை, எண்ணிக்கை இங்கே நன்றாக வேலை செய்கிறது.

நான்கு தட்டுப் பக்கம் வாருங்கள். ஃபாக்ஸ்ட்ராட் 28 முதல் 30 ஆவர்த்தம், அதாவது 112லிருந்து 120 தட்டு. ச்சா-ச்சா-ச்சா 30 முதல் 32, அதாவது 120லிருந்து 128. டாங்கோ 31 முதல் 33. நான்கால் பெருக்கினால் 124லிருந்து 132. பாசோ டோப்ளே இரண்டு தட்டு ஆவர்த்தம், 60 முதல் 62. தட்டாக மாற்றினால் 120லிருந்து 124. இப்போது 122 தட்டு வேகத்தில் ஒரு பாட்டு ஒலிக்கிறது என்று வையுங்கள். கைபேசிச் செயலி 122 என்று காட்டுகிறது. அது என்ன ஆட்டம்? மேலே சொன்ன நாலு பேரும் அந்த எண்ணிலோ ரெண்டு மூணு தட்டு தள்ளியோ நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எல்லோரும் "என்னது"ன்னு கை தூக்குறாங்க. எண் இதற்குமேல் உதவாது.

அந்த நாலையும் காதால் பிரிப்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டாங்கோவில் ஒவ்வொரு தட்டும் ஆணி அடித்த மாதிரி வெட்டி நிற்கும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் குழைவு இருக்காது. பாசோ டோப்ளே ராணுவ நடை, அதன் மேலே காளைச்சண்டை மைதானத்து எக்காளம். ஃபாக்ஸ்ட்ராட்டில் ஒன்றாவது, மூன்றாவது தட்டில் பேஸ் கனமாக விழ, மெட்டு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். தட்டுக்கு உள்ளே இருக்கும் பாதிகள் சமமாக இல்லாமல் நெடில்-குறிலாக ஊசலாடும். ச்சா-ச்சா-ச்சாவில் அதே பாதிகள் சமம். நான்காவது தட்டு இரண்டாக உடைந்து அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டில் போய் விழும். அந்த மூன்று சின்ன ஒலிகள்தான் பெயரே. 1950களின் தொடக்கத்தில் கியூபாவில் இந்த இசை வந்தபோது, ஆடுகிறவர்கள் தரையில் காலைத் தேய்த்த சத்தத்திலிருந்துதான் அந்தப் பெயர் பிறந்தது என்பார்கள். ஆட்டத்தின் பெயரைக் காலே சொல்லியிருக்கிறது.

ஆக, எத்தனை தட்டு என்பதைவிட எந்தத் தட்டில் உடம்பின் பாரம் இறங்குகிறது என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. இதை மேல்நாட்டு சமாசாரம் என்று நினைத்தால் அது தப்பு. வலையபட்டி என்று ஊர்ப் பெயர் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது தவில்தான், 2009இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற வலையபட்டி ஏ.ஆர். சுப்பிரமணியத்தின் தவில். தவில் ஒலிக்கிற ஊர்களில் இந்தப் பாரக் கணக்கு யாருக்கும் புதுசு இல்லை.

மல்லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்பது. சாகித்தியம் கிடையாது, வெறும் சொற்கட்டு மாதிரியான ஸ்வரக் கோவை, கூடவே தவில். தீர்த்தம் கொண்டுவர ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. பழகிய காதுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த இசைக்கு எந்த நடை என்று கேட்டுச் சொல்லும் கலை வேறென்ன?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. மல்லாரியை மூன்று காலத்தில் வாசிப்பார்கள்: முதல் காலம், அதன் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு. மூன்றாம் காலத்தில் நாகஸ்வரம் பொறி பறக்கும். ஆனால் சாமியைத் தோளில் சுமப்பவர்கள் நாலு மடங்கு வேகத்தில் ஓடுகிறார்களா? இல்லையே. தாளத்தின் தட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது, அவர்கள் கால் தட்டோடு போகிறது. மேலே எத்தனை ஸ்வரம் நெருக்கினாலும் சரி.

நம் ஆட்டக்காரர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். ஒரு பாட்டில் ஷேக்கரோ ஹை-ஹேட்டோ விறுவிறு என்று ஓடினால் "ஃபாஸ்ட் சாங், ஜைவ்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கீழே பேஸ் கிட்டார் சாவகாசமாக நடந்துகொண்டிருக்கும், அதைக் கேட்பதே இல்லை. பொடித் தட்டைப் பாரத் தட்டாக நினைத்து ஓடினால் ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கும். மாப்பிள்ளை வேட்டி வேறு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, மூன்றுக்கு வருவோம். தலைப்பே அதுதானே.

வால்ட்ஸ் என்றால் ஒரு ஆவர்த்தத்துக்கு மூன்று தட்டு, மூன்று தட்டுக்கும் மூன்று காலடி. முதல் தட்டில் உடம்பு இறங்கி, இரண்டிலும் மூன்றிலும் எழும்பும். காலடி மூன்று என்பதால் முதல் ஆவர்த்தம் வலது காலில் தொடங்கினால் அடுத்தது இடது காலில் தொடங்கும். அந்த மாறாட்டம்தான் வால்ட்ஸின் ஊஞ்சல். "ஹேப்பி பர்த்டே டு யூ" பாட்டை எண்ணிப் பாருங்கள், அது 3/4தான். வருடம் முழுக்க வீட்டுக்கு வீடு கேக் வெட்டிக் கைதட்டி வால்ட்ஸ் பாடிக்கொண்டிருக்கிறோம், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

நம்மிடம் இருக்கும் மூன்று வேறு. திஸ்ரம். கும்மியில் கேட்பது அதுதான். தகிட-தகிட என்று ஆறு பொடி எழுத்து, அதில் இரண்டு பாரம். கை தட்டுவது இரண்டு முறை, கால் வைப்பதும் இரண்டு முறை. நிமிடத்துக்கு 100 தட்டு என்று ஒரு கும்மி போகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் பொடி எழுத்து 300. வியன்னா வால்ட்ஸே 180ஐத் தாண்டாது. 300க்கு ஒவ்வொன்றாகக் கால் வைக்க யாராலும் ஆகாது. வேகத்தைப் பாதியாக எண்ணி 150 என்று சமாளிக்கலாமா? அதுவும் முடியாது, மூன்று பாதியில் உடையாது. உடைத்தால் கைதட்டு விழும் இடத்தில் கால் இருக்காது. பாரதி பெண்கள் விடுதலைக் கும்மியை எழுதியது கைக்கும் காலுக்கும் சேர்த்துத்தான். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எங்கே பாரம் விழுகிறது என்று உடனே தெரியும். இலங்கையின் பைலாவும் இந்த ஆறு தட்டுக் குடும்பம்தான். "சுராங்கனி" ஒலித்தால் யாரும் ஒருத்தர் இடுப்பைப் பிடித்து வால்ட்ஸ் சுற்றுவதில்லை, தோளும் இடுப்பும் தானாக இரண்டாக ஆடும். உடம்புக்குத் தெரிகிறது, எண்ணத் தொடங்கினால்தான் மறந்துபோகிறது.

இதை ஏன் இவ்வளவு வரிந்து எழுதுகிறேன் என்றால், சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அவளுடைய அப்பத்தா சமையல்கட்டில் முணுமுணுக்கிற பழைய பாட்டுக்கு ஆட ஆசை. கும்மி நடையில் போகிற பாட்டு. ஆட்டம் சொல்லித்தர வெளியூரிலிருந்து வந்தவர் இரண்டு வரி கேட்டார், விரலில் எண்ணினார், "த்ரீ பீட், வால்ட்ஸ்" என்றார். பத்து நாள் பட்டாலையில் பயிற்சி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழு என்று காலுக்கு அருமையாக இருக்கும். ஆனாலும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாலாவது சுற்றிலும் கால் சிக்கும். ஐந்தாம் நாள் அவர், "உங்களுக்கு ரிதம் சென்ஸே இல்லையே" என்று சொல்லிவிட்டார். பொண்ணு அழுதுகொண்டு வளவில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்பத்தா விஷயம் தெரியாமல் அந்தப் பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி உட்கார்ந்தபடியே கை தட்டினார்கள். தட்டினது இரண்டு. பிள்ளைகளை வைக்கச் சொன்னது மூன்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பொண்ணு சின்ன வயசிலிருந்து பொங்கலுக்குக் கும்மி கொட்டி வளர்ந்தவள். அவள் கால் சரியான இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒட்டின பெயர்ச்சீட்டு தப்பு, பழி அவள் காலுக்கு. எனக்குக் கோபம் வந்த இடம் இது. தாளம் வராது என்று ஒருத்தியிடம் சொல்வது சாதாரண வார்த்தை இல்லை, அப்புறம் அவள் எந்த மேடைக்கும் ஏறமாட்டாள். பெண்ணின் அயித்தை, "ஏத்தா, நீ ரெண்டாவே வச்சு ஆடு, யாரு கேக்கப்போறா" என்றார்கள். அப்படித்தான் ஆடினார்கள். எளிமையான இரண்டு பக்க அசைவு, நடுவில் ஒரு சுற்று. வால்ட்ஸ் இல்லை. பாட்டோடு ஒட்டியது.

பெயர்ச்சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். எனாமல் அடுக்கு, பர்மாத் தேக்கு மரச்சாமான்களுக்கு நடுவில் கிராமபோன் இசைத்தட்டுகளும் கிடக்கும். மேல்நாட்டு நடன இசைத்தட்டுகளின் நடுவட்டத்தில் பாட்டின் பெயருக்குக் கீழே ஃபாக்ஸ்ட்ராட், வால்ட்ஸ், டாங்கோ என்று அச்சடித்திருப்பார்கள். நம் இசைத்தட்டுகளில் அதே இடத்தில் ராகமும் தாளமும். கேட்கிறவருக்கு முதலில் என்ன தெரியவேண்டும் என்று இரண்டு உலகமும் எப்படி நினைத்தன என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அங்கே காலுக்கான குறிப்பு. இங்கே காதுக்கான குறிப்பு.

இங்கிலாந்தில் விக்டர் சில்வெஸ்டர் என்று ஒருவர். 1922இல் உலக பால்ரூம் பட்டம் வென்றவர், பிறகு 1935 வாக்கில் தன் இசைக்குழுவை வைத்து "கறாரான வேகம்" என்ற கொள்கையோடு தட்டுகள் வெளியிட்டார். வேகம் துளி கூட மாறாது, பாடகர் கிடையாது. பாடகர் இருந்தால் வார்த்தைக்காக இழுப்பார், ஆட்டக்காரரின் கால் தவிக்கும். அதனால் குரலையே எடுத்துவிட்டார். ஆட்டப் பள்ளிக்கூடங்களுக்கு அது வசதி. ஆனால் எனக்கு அந்த மாதிரி இசை அளவுகோலைக் கேட்பது போலத்தான் இருக்கிறது. எண்ணி அடையாளம் காணும் முறை பிறந்ததே இப்படி எண்ணுவதற்கென்றே செய்த இசைக்காக. அதைக் கொண்டுவந்து தமிழ்ப் பாட்டின் மேல் வைத்தால் முதல் சிக்கல் நம் பாடகர்தான். அவர் பாட்டில் இருந்தே ஆகவேண்டும்.

மெட்டிலிருந்து ஆட்டத்தைக் கழற்றும் வேலை நம்மிடம் வேறு மாதிரி நடந்தது. 1835இல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் தெய்வத் துதி எழுதினார். நொட்டுஸ்வரம் என்கிறோம், நோட்டு என்பதுதான் நொட்டு ஆனது. ஆங்கில அரச கீதத்தின் மெட்டில் அமைந்த "சந்ததம் பாஹிமாம்" எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அரச கீதமே 3/4. அதன் உருவம் கேலியார்ட் என்ற பழைய ஐரோப்பிய ஆட்டத்தின் உருவம். தீட்சிதர் எடுத்த மற்ற மெட்டுகளிலும் ஆட்ட மெட்டுகள் உண்டு. வார்த்தை போட்டு, தாளத்துக்குத் திஸ்ர ஏகம் என்று பெயர் கொடுத்ததும் கால் மறைந்துவிட்டது. இன்று குழந்தைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தட்டிப் பாடுகிறார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த மெட்டுகள் நம்மிடம் வந்து நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் ஒரே மெட்டு, ஒரே மூன்று எண்ணிக்கை, ஒரு ஊரில் ஆட்டமாகவும் இன்னொரு ஊரில் துதியாகவும் இருக்க முடியும் என்றால், எண்ணிக்கை மட்டும் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சினிமாவுக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். அறுபதுகளில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி லத்தீன் தாளங்களை எடுத்தபோது ஆட்டத்தைக் கழற்றவில்லை. தாள வாத்தியத்தில் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, குரலை நம் வழியில் பாடவைத்தார்கள். அதனால் ஒரே பாட்டுக்குள் இரண்டு கால்.

"பெரிய இடத்துப் பெண்" (1963) படத்தின் "அன்று வந்ததும் இதே நிலா" பாட்டில் வரி முடியும் இடத்தில் அந்த ஆட்டத்தின் பெயரையே பாடிவிடுகிறார்கள். சிறுகூடல்பட்டிக்காரரின் வார்த்தைகள், கியூபாவின் வால். பெயரே சொல்லியாச்சு, இனி என்ன சந்தேகம் என்று பட்டியல்காரர்கள் ச்சா-ச்சா-ச்சா பக்கத்தில் போட்டுவிடுவார்கள். பெயர் வந்ததால் மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த மூன்று அசையும் வரியின் நிறுத்தத்தில், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், அலங்காரமாக உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் காலை அந்த மூன்றில் வைத்து ஆடத் தொடங்கினால் வரியின் வால் பகுதியில் ஜோராக இருக்கும். வரியின் நடுவில் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் வார்த்தையைத் தாங்கிப் பிடிக்கும்போது கால் வேறு ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். ஆடலாம், நன்றாகவே ஆடலாம். ஆனால் ஆடுகிறவர் தாளத்தைக் கேட்டு ஆடவேண்டும், பாட்டைக் கேட்டு அல்ல. சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பது கஷ்டம், நம் ஆட்கள் எல்லோரும் வரிக்குத்தான் ஆடுவார்கள்.

இதைவிடக் கடினமானது, அடுத்த வருடம் வந்த "புதிய பறவை"யின் "பார்த்த ஞாபகம் இல்லையோ". இதை டீன் மார்ட்டின் 1954இல் பாடிய "ஸ்வே" பாட்டோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். "ஸ்வே"யே மெக்சிகோவிலிருந்து வந்த ஸ்பானிய மொழிப் பாட்டின் ஆங்கில வடிவம். ஆட்ட வகுப்புகளில் அதைச் ச்சா-ச்சா-ச்சாவுக்குப் போடுவார்கள். ஆகவே சுசீலா பாட்டும் ச்சா-ச்சா-ச்சாதான் என்பது பட்டியல்களின் தர்க்கம். மெட்டுக்கு மெட்டு உறவு இருந்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் உறவு இருக்கவேண்டுமா? டீன் மார்ட்டின் வார்த்தைகளைச் சின்னச் சின்னதாக வெட்டித் தட்டின் மேல் போடுகிறார். சுசீலா அப்படிப் பாடவில்லை. நீளமாக இழுத்து, தட்டைக் கொஞ்சம் காக்கவைத்து, அப்புறம் இறங்குகிறார். கீழே தாள வாத்தியங்கள் படபடத்துக்கொண்டிருக்க, மேலே குரல் அவசரமே இல்லாமல் போகிறது. மல்லாரியைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி: அங்கே மேலே வேகம், கீழே நிதானம், இங்கே கீழே வேகம், மேலே நிதானம்.

ரும்பாவில் முதல் தட்டில் கால் வைப்பதில்லை. நான்காவதில் வைத்த காலின் மேல் உடம்பு ஒன்றாவது தட்டு முழுக்க மெல்ல அமரும், அடுத்த அடி இரண்டாவதில்தான். அந்தக் காத்திருப்புதான் ரும்பாவின் அழகு, மற்றதெல்லாம் இடுப்பு. சுசீலாவின் குரல் கேட்கும் நடை இதுதான் என்பது என் கட்சி. பாங்கோஸைக் கேட்டால் ச்சா-ச்சா-ச்சா என்று வாதாடலாம். ஆனால் ஆடப்போகிறவர் படத்தில் சௌகார் ஜானகி நிற்கும் நிலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற பெண் அவள். அந்தக் காலை நொடிக்கு மூன்று தடவை தரையில் தேய்க்கச் சொன்னால் எனக்குப் பொருந்தவில்லை.

போட்டி வேகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் போகட்டும்; இது நடுவர் முன்னால் ஆடுவதற்கான பாட்டு இல்லை. ரும்பா காலை வைத்துக்கொண்டு, ஆவர்த்தத்தில் ஒரு தட்டை விட்டுவிட்டு ஆடிப் பாருங்கள். முதல் இரண்டு வரி தடுமாறும். சரணம் வருவதற்குள் பிடிபட்டுவிடும்.